இரண்டு பத்தி அகலத்தில் ஓர் ஓட்டை

நூலகர் அந்தப் பழைய நாளிதழ்த் தொகுப்பை மேசைமேல் விரித்தபோது, பக்கத்தின் அடியில் ஜன்னல் வைத்ததுபோல் ஓர் ஓட்டை இருந்தது. ஓட்டை வழியே அடுத்த தாளின் சோப்பு விளம்பரத்துக் குழந்தை எட்டிப் பார்த்துச் சிரித்தது.

“போச்சு,” என்றாள் சித்தி. “என் அறிவிப்பு போச்சு!”

நூலகர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெட்டியது தன் தோலையே என்பதுபோல் ஓட்டையின் விளிம்பைத் தடவினார்.

காலை பத்தரை மணி. சித்திக்குப் பின்னால் நின்ற இன்ஸ்பெக்டர் ஒரு பெருமூச்சு விட்டாள். சித்தியின் அக்கா மகள் அவள். நான்கு நாள் விடுப்பில் தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும், மறுபடி தூங்க வேண்டும் என்ற ஒரே கொள்கையோடு வந்திருந்தாள். முதல் நாளே கொள்கைக்கு ஆபத்து.

“சித்தி, முதல்ல உட்காருங்க. என்ன இருந்தது அதுல?”

“எங்க குடும்பமே இருந்துச்சுடி!”

சித்தி மருந்துக்கடை வைத்திருப்பவள். மாத்திரைப் பெயர்களைப் போலவே புகுந்த வீட்டு வம்சாவளியையும் மனப்பாடமாக வைத்திருக்க ஆசைப்பட்டவள். கேட்டால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அதனால் நேரே நூலகத்துக்கு வந்து, உள்ளூர் நாளிதழின் பழைய தொகுப்புகளைப் புரட்ட ஆரம்பித்தாள். பெரிய செய்திகளை அவள் தொடவில்லை. பக்கத்தின் மூலையில் எறும்பு ஊர்வதுபோல் கிடக்கும் சின்னச் சின்ன அறிவிப்புகள்தான் அவளுக்கு வேண்டியிருந்தன. குடும்பம் அதிலிருந்து துண்டு துண்டாக எழுந்து வந்தது. அண்ணன் தம்பி இருவர் பூட்டுக்கடை திறந்த அறிவிப்பு: ‘எங்கள் பூட்டைச் சாவியில்லாமல் திறந்து காட்டுவோருக்கு அந்தப் பூட்டே பரிசு.’ பிள்ளை பிறந்த அறிவிப்பு: ‘தாயும் சேயும் நலம். கடை வழக்கம்போல் திறந்திருக்கும்.’ பிறகு இன்னொன்று: ‘சாவிக்கொத்து ஒன்று தொலைந்தது. கண்டெடுத்தவர்கள் பூட்டுக்கடையில் ஒப்படைக்கவும்.’ பூட்டுக்காரர்களே சாவியைத் தொலைத்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சித்தி ஒரு மாதம் சிரித்தாள்.

முந்தாநாள் மாலைதான் எல்லாவற்றுக்கும் மேலான அறிவிப்பு அகப்பட்டது.

“‘இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பூட்டுக்கடை சகோதரர்களுக்குள் இன்று முதல் எவ்விதக் கொடுக்கல் வாங்கலும் பேச்சுவார்த்தையும் கிடையாது’ன்னு போட்டிருந்துச்சு.”

“யார் கொடுத்த அறிவிப்பு? அண்ணனா, தம்பியா?”

சித்தி குரலைத் தாழ்த்தினாள். “கையெழுத்துக்கு வர்றதுக்குள்ள நூலகர் சார் மூடுற நேரம்னு விளக்கை அணைச்சிட்டார். ஆனா நான் ரெண்டு வீட்டுக்கும் சொல்லிட்டேன். தேதியோட. யார் கொடுத்ததுன்னு கூட்டத்துல வாசிக்கிறேன்னு சவால் வேற விட்டுட்டேன்.”

விஷயம் இதுதான். சரிவான ஒரே தெருவில் அந்தச் சகோதரர்களின் சந்ததி இரண்டு வீடுகளாக இருந்தது. சித்தி வாழ்க்கைப்பட்டது மேல்வீடு. அதற்குக் கீழே கீழ்வீடு. நடுவில் ஒரு மதில். சண்டை போட்டவர்கள் மண்ணோடு மண்ணாகிவிட்டாலும் பங்காளிப் பகை மட்டும் பத்திரமாக இருந்தது. மேல்வீட்டைக் கேட்டால் கீழ்வீட்டுக்காரர்தான் அறிவிப்புக் கொடுத்துப் பிரித்தார் என்பார்கள். கீழ்வீட்டைக் கேட்டால் விரல் மேலே நீளும். இன்று மாலை ஐந்து மணிக்கு இதே நூலகத்தின் மாடிக் கூடத்தில் இரண்டு வீடும் முதல்முறையாகக் கூடப்போகிறது. அந்த அறிவிப்பைப் படிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் கீழ்வீடு சம்மதித்திருந்தது.

“இப்ப இல்லைன்னு சொன்னா, நாங்கதான் வெட்டிட்டோம்பாங்க. நம்ம ஆளுங்க அவங்கதான்பாங்க. நான் மதிலை இடிக்கப் பார்த்தேன், இன்னும் ரெண்டடி உயரப்போகுது,” என்றாள் சித்தி. கண் கலங்கியிருந்தது.

இன்ஸ்பெக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டாள்.

பக்கத்தை முதலில் தலையிலிருந்து கால்வரை படித்தாள். ஓட்டை இரண்டு பத்தி அகலம். விளிம்பு நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது.

“அறிவிப்பு எத்தனை பத்தி அகலம் சித்தி?”

“ஒரு பத்திதான். மூணாவது பத்தியோட அடியில. அதுக்குப் பக்கத்துல ஏதோ பழைய தையல் மிஷின் விற்பனைக்குன்னு இருந்துச்சு.”

“புண்ணைவிடக் கட்டு பெருசா இருக்கே,” என்று முணுமுணுத்தாள் இன்ஸ்பெக்டர். அவள் கண் நாலாவது பத்தியின் தலைப்பகுதிக்கு ஏறி, அங்கே ஒரு கணம் நின்றது. உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது, அதைக் கடித்துக்கொண்டாள். பிறகு தாளைத் திருப்பினாள். பின்பக்கம் முழுக்கப் பள்ளி விளையாட்டு விழாச் செய்தி. ஓட்டையைச் சுற்றி அங்கே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று சட்டம்போல் ஒட்டிக்கொண்டிருந்தது.

“நேத்து இந்தப் பக்கம் யாரெல்லாம் வந்தாங்க சார்?”

நூலகர் விரல் விட்டு எண்ணினார். “மேல்வீட்டு மகன், அதாவது இந்த அம்மாவோட வீட்டுக்காரர், மாடிக் கூடத்தைப் பார்க்க வந்தார். கீழ்வீட்டு மருமகள் நாற்காலி போதுமான்னு எண்ண வந்தாங்க. அப்புறம் ரெண்டு வீட்டுப் பெரியவங்களும், அதான் அந்தப் பூட்டுக்கடை அண்ணன் தம்பியோட பிள்ளைங்க. அவங்க வராத நாளே கிடையாது.”

“சேர்ந்தா?”

“சேர்ந்தா? நல்லாச் சொன்னீங்க! ஆளுக்கு ஒரு மேசை. முதுகுக்கு முதுகு. ஒரு வார்த்தை கிடையாது. கீழ்வீட்டுக்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருப்பார். தூங்குறாரோ என்னவோ. தொல்லை மேல்வீட்டுக்காரர்தான். ரேடியோவுல செய்தி வாசிச்சவராச்சே, தலையங்கத்துலேருந்து விளம்பரம் வரைக்கும் வாய்விட்டுத்தான் படிப்பார். ‘அமைதி’ன்னு பலகையே மாட்டிட்டேன். அதையும் வாய்விட்டுப் படிச்சார்.”

“தொகுப்பு வெளியில இருந்ததா?”

“இந்த அம்மா கேட்டாங்கன்னு மேசையிலேயே வெச்சிருந்தேன். மதியம் சாப்பிடப் போனப்போதான் நான் கண்ணை எடுத்தது.”

முதல் விசாரணை குடும்பத்துக்குள்ளேயே முடிந்தது. சித்தப்பா மருந்துக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். “கீழ்வீடுதான். வேற யாரு?”

“நீங்க அந்தத் தொகுப்பைத் தொட்டீங்களா சித்தப்பா?”

“தும்மல் வரும்மா எனக்கு. பழைய பேப்பரை நினைச்சாலே—” என்றவர் நினைத்துவிட்டார் போலும். ஐந்து தும்மல் போட்டார். அந்தத் தும்மலோடு நூலகத்தில் எதையும் திருட்டுத்தனமாகச் செய்ய முடியாது என்று இன்ஸ்பெக்டர் முடிவுகட்டினாள்.

கீழ்வீட்டு மருமகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். விசாரணை ஓடும் காரில் பின்சீட்டிலிருந்து நடந்தது.

“நேத்து மதியம் நூலகத்துல எவ்வளவு நேரம் இருந்தீங்க?”

“நாற்காலி எண்ணுற நேரம். இடது பக்கம் பாருங்க சார், கண்ணாடியில பாருங்க! உங்களைச் சொல்லலங்க, இவரைச் சொன்னேன்.”

“அறிவிப்பு காணோம்னு தெரியுமா?”

“காத்துவாக்குல வந்துச்சு. பிரேக்! பிரேக் சார்!” கார் ஒரு குப்பைத்தொட்டியை முத்தமிடாமல் தப்பியது. “படிக்கணும்னு ஒத்தைக்கால்ல நின்னதே நான்தான். நானே எதுக்குங்க வெட்டப்போறேன்? மேல்வீட்டுக்குத்தான் மடியில கனம். சாயங்காலம் வர்றேன், முகத்துக்கு நேரா கேட்கிறேன்.”

கோபத்தில் பொய் இல்லை. இன்ஸ்பெக்டர் அடுத்த முனையில் உயிரோடு இறங்கிக்கொண்டாள்.

மதியம் மேல்வீட்டுப் பெரியவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். சித்தியின் மாமனார். எழுபதைத் தாண்டியும் குரலில் மட்டும் கம்பீரம் குறையவில்லை. கை அப்படியில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்தார், அது தட்டில் மணியடித்தது.

“தாத்தா, கீழ்வீட்டுப் பெரியவர் வெட்டியிருப்பாரா?”

“அவனா? அவனால எப்படிம்மா முடியும்?” என்றார் பெரியவர் உடனே. “கண் ஆபரேஷன் ஆகி மூணு வாரம்கூட ஆகல. சொட்டு மருந்து விட்டுக்கிட்டிருக்கான். இன்னும் எழுத்தெல்லாம் புகை மாதிரிதான் தெரியுதாம். பாவம்.”

“ம்,” என்றாள் இன்ஸ்பெக்டர். “அவர்கூடப் பேசி ரொம்ப வருஷம் ஆச்சோ?”

“அந்த வீட்டோட எங்களுக்கு என்ன பேச்சு?” குரல் செய்தி வாசிப்பதுபோல் விறைத்தது.

கீழ்வீட்டுப் பெரியவர் தெருமுனையில் சாவிக்கடையில் இருந்தார். பூட்டுத் தொழிலை இன்னும் விடாதவர் அவர்தான். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டே அரத்தை ஓட்டினார். சாவியின் பல்லை விரலால் தடவிப் பார்த்து, இன்னும் ஓர் இழுப்பு இழுத்து, எதிரே பூட்டோடு நின்ற பெண்ணிடம் நீட்டினார். பூட்டு வெண்ணெய்போல் திறந்தது.

“கண்ணு தெரியாமலே எப்படி தாத்தா?”

“விரல் இருக்கே. ஸ்கேலை யாராவது சரியா வெச்சுப் பிடிச்சாப் போதும், நேர்கோடு நான் கிழிப்பேன்.” சொல்லிவிட்டு அவர் சட்டென்று அரத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

“மேல்வீட்டுப் பெரியவர் வெட்டியிருப்பாரா?”

“அண்ணனா? சேச்சே! கை எப்படி நடுங்குது அவருக்கு! சட்டைப் பொத்தானே அண்ணிதான் போட்டுவிடணும். பிளேடைக் கையில கொடுத்தா பேப்பருக்கு முன்னாடி விரல்தான் போகும்.”

“அண்ணின்னா, மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அண்ணி?”

பெரியவருக்கு இருமல் வந்தது. நீளமான இருமல்.

இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள். பிறகு தன் கொள்கைப்படி நிம்மதியாக ஒரு தூக்கம் போட்டாள். சித்திதான் கையைப் பிசைந்துகொண்டு கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

மாலை ஐந்து. மாடிக் கூடத்தில் நாற்காலிகள் இரண்டு முகாம்களாகப் பிரிந்து நின்றன. நடுவே ஒரு கார் போகுமளவு இடைவெளி. சுவரில் சித்தி ஒட்டியிருந்த பிறப்பு அறிவிப்புகளைப் பார்த்துச் சிறுசுகள் மட்டும் முகாம் பாராமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கீழ்வீட்டு மருமகள் எழுந்தாள். “அறிவிப்பு எங்க?”

“நாங்க கேட்கவேண்டிய கேள்வி அது!” என்றார் சித்தப்பா.

“நீங்கதான் பிரிச்சீங்க. நீங்கதான் மறைச்சீங்க.”

“யாரு, நாங்களா?”

இன்ஸ்பெக்டர் இடைவெளியின் நடுவில் வந்து நின்றாள். போக்குவரத்தை நிறுத்துவதுபோல் இரண்டு பக்கமும் கை காட்டினாள். நூலகர் தொகுப்பைக் கைக்குழந்தைபோல் ஏந்தி வந்து மேசையில் கிடத்தினார்.

“ஒரு நிமிஷம் எல்லாரும் கேளுங்க. காலையிலேருந்து எல்லாருமே ஒரே தப்பைச் செய்யறோம். அறிவிப்பு காணாமப்போச்சு, அதனால அறிவிப்பை மறைக்கத்தான் வெட்டினாங்கன்னு நினைக்கிறோம். ஆனா பாருங்க. அறிவிப்பு ஒரு பத்தி. ஓட்டை ரெண்டு பத்தி. குடும்ப ரகசியத்தை மறைக்க வந்தவன் தையல் மிஷின் விளம்பரத்தையும் சேர்த்து எதுக்கு வெட்டணும்?”

எல்லாரும் கழுத்தை நீட்டி ஓட்டையைப் பார்த்தார்கள்.

“இன்னொண்ணு. அந்தக் காலத்துப் பேப்பர்ல இடம் போதலைன்னா மிச்சத்தை அடுத்த பத்தியோட தலையில போடுவாங்க. இந்த அறிவிப்போட கையெழுத்து நாலாவது பத்தி உச்சியில இருக்கு. முழுசா, பத்திரமா இருக்கு. மறைக்க வந்தவன் பேரை மட்டும் விட்டுட்டா போவான்?”

“பேர் இருக்கா?” இரண்டு முகாமும் ஒரே குரலில் கத்தியது. சித்தி பாயப் பார்த்தாள்.

“இருங்க சித்தி. அதைக் கடைசியில படிக்கலாம்.” இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பினாள். “வெட்டினவங்க இந்தப் பக்கத்திலேருந்து வெட்டியிருக்காங்க. இங்கதான் ஓட்டையைச் சுத்தி அச்சடிச்ச சட்டம் தெரியுது. சட்டம் போட்டு அச்சடிக்கிறது போட்டோவுக்கு. மேல இருக்கிற செய்தியோட கடைசி வரி இது: ‘மூன்று கால் ஓட்டத்தில் முதல் பரிசு வென்ற இரு சிறுவர்களைக் கீழே உள்ள படத்தில் காணலாம்.’ திருடனுக்கு அந்தப் படம்தான் வேணும். அறிவிப்பு அதோட முதுகுல இருந்த பாவத்துக்குக் கூடவே போயிடுச்சு.”

“யாரு திருடன்?” என்றாள் கீழ்வீட்டு மருமகள்.

“அங்கதான் நான் தடுமாறினேன். நேத்து இங்க வந்தவங்கள்ல ஒருத்தருக்குப் பேப்பரைத் தொட்டா தும்மல். ஒருத்தருக்கு அந்த அறிவிப்பு வந்தே ஆகணும். மிச்சம் ரெண்டு பேர். ஒருத்தருக்குக் கண் நல்லாத் தெரியும், கை நடுங்கும். இன்னொருத்தருக்குக் கை ஆடாது, கண் தெரியாது. தனித்தனியாப் பார்த்தா ரெண்டு பேராலயும் முடியாது.” அவள் நிறுத்தினாள். “சேர்த்துப் பார்த்தா முடியும். ஒருத்தர் பார்த்து ஸ்கேலை அழுத்திப் பிடிக்கணும், இன்னொருத்தர் பிளேடை ஓட்டணும். மூணு கால் ஓட்டம் மாதிரி.”

மேல்வீட்டுப் பெரியவர் கூரையைப் பார்த்தார். கீழ்வீட்டுப் பெரியவர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

“எங்க மாமாவா?” என்றாள் மருமகள். “அவங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்களே!”

“இன்னிக்கு இந்த ஊர்ல எல்லாரும் எதிர்வீட்டைக் குத்தம் சொன்னாங்க. இவங்க ரெண்டு பேர் மட்டும்தான் சொல்லல. ஒருத்தருக்கு எழுத்து புகை மாதிரி ‘தெரியுதாம்’. யார் சொன்னது? ஒருத்தருக்குப் பொத்தான் போட்டுவிடுறது அண்ணின்னு மதிலுக்கு இந்தப் பக்கம் எப்படித் தெரிஞ்சுது? கண் ஆபரேஷன் ஆனவருக்கு தினமும் நூலகத்துல என்ன வேலை? செய்தி வாசிக்கிறவர் எதுக்கு விளம்பரம் வரைக்கும் வாய்விட்டுப் படிக்கிறார்?” அவள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். “தம்பி கேட்கணும்னுதானே தாத்தா?”

கூடத்தில் எல்லாத் தலையும் பெரியவர்கள் பக்கம் திரும்பியது. பிறகு மேல்வீட்டுப் பெரியவர் தொண்டையைச் செருமினார்.

“நான் அப்பவே சொன்னேன்டா, இவ போலீஸு, ஜாக்கிரதைன்னு.”

“ஸ்கேலைப் பத்தி வாய் தவறிட்டேன் அண்ணே,” என்றார் மற்றவர்.

கீழ்வீட்டுப் பெரியவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார். திறந்தார். உள்ளே மடியாமல் சுருட்டிவைத்த அந்தத் தாள். இன்ஸ்பெக்டர் அதை விரித்துப் பிடித்தாள். இரண்டு பையன்கள். கணுக்காலோடு கணுக்கால் துணியால் கட்டியிருந்தது. ஒருவன் கை மற்றவன் தோளில். வாய் இரண்டும் காதுவரை.

“ஸ்கூல்ல வாத்தியார் சொன்னார், உங்க படம் பேப்பர்ல வந்திருக்குடான்னு,” என்றார் மேல்வீட்டுப் பெரியவர். “கால் தரையில படாம ஓடினோம். வீட்டுக்குப் போனா, அந்த அறிவிப்பைப் பார்த்துட்டு ரெண்டு அம்மாவும் பேப்பரை அடுப்புல போட்டுட்டாங்க. நாங்க எங்க முகத்தைப் பார்க்கவே இல்ல. எந்தத் தேதின்னும் ஞாபகமில்ல. முந்தாநாள் மருமகள் தேதி சொன்னாளா, ராத்திரியெல்லாம் தூக்கமே வரல.”

“கேட்டிருக்கலாமே மாமா!” என்றாள் சித்தி.

“கேட்டா எதுக்குன்னு கேட்பீங்க. பேசிக்கிறோம்னு தெரிஞ்சுடும். அப்பாங்க இருந்தப்போ பயந்து மறைச்சோம். அப்புறம் நீங்கள்லாம் எங்களைவிட மும்முரமா சண்டை போட்டீங்களா, நடுவுல சொல்ல வெட்கமாப் போச்சு.”

“எனக்கு அந்தப் படம் இன்னும் சரியாத் தெரியலம்மா,” என்றார் கீழ்வீட்டுப் பெரியவர். “அண்ணன் சொல்லச் சொல்லத்தான் பார்த்தேன். அதுவே நல்லாத்தான் இருந்துச்சு.”

கீழ்வீட்டு மருமகள் மூக்கை உறிஞ்சினாள். சித்தப்பா தும்முவதுபோல் பாவனை செய்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் மருமகள் லேசில் விடுகிறவள் இல்லை. “அதெல்லாம் சரி. அறிவிப்பு யார் கொடுத்தது? பேரைப் படிங்க.”

“நீங்களே வாங்க. சித்தி, நீங்களும் வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து படிங்க.”

இருவரும் இடைவெளியைக் கடந்து மேசைக்கு வந்தார்கள். நாலாவது பத்தியின் உச்சியில் தலை முட்டக் குனிந்தார்கள். சித்தி வாசிக்க ஆரம்பித்தாள், பாதியில் குரல் சிரிப்பில் உடைந்தது. மருமகள் பிடித்துக்கொண்டாள்.

“‘இப்படிக்கு, அண்ணன்.’ அதுக்குக் கீழ, ‘தம்பி.’ ரெண்டு பேர் பேரும் இருக்கு! அதுக்குக் கீழ—” அவளுக்கும் மூச்சு வாங்கியது. “‘இவ்வறிவிப்பு இருவரும் நேரில் சேர்ந்து வந்து கொடுத்தது.’”

பேசிக்கொள்ள மாட்டோம் என்று அறிவிக்க, சண்டைக்காரர்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டு, ஒன்றாகக் கிளம்பி, ஒன்றாக நாளிதழ் அலுவலகப் படியேறியிருக்கிறார்கள். கூடத்தில் யார் முதலில் வெடித்தார்கள் என்று தெரியவில்லை. ‘அமைதி’ப் பலகை மாட்டிய நூலகரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாற்காலிகள் தாமாகவே நகர்ந்தன. சிறிது நேரத்தில் எது எந்த முகாம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

சிரித்து முடித்ததும் நூலகருக்குக் கடமை நினைவுக்கு வந்தது. “நூலகச் சொத்தை வெட்டினதுக்குத் தண்டனை உண்டு. அந்தத் துண்டை நீங்க ரெண்டு பேருமே ஒட்டித் தரணும். கிழிஞ்ச தொகுப்பு இன்னும் ஒரு அலமாரி நிறைய இருக்கு. தினமும் வரணும்.” கொஞ்சம் யோசித்துச் சேர்த்தார். “ஒரே மேசையில உட்காரணும்.”

“வாய்விட்டுப் படிக்கலாமா?”

“படிச்சுத் தொலைங்க.”

சித்தியும் கீழ்வீட்டு மருமகளும் ஏற்கெனவே அடுத்த அலமாரித் தொகுப்புகளை எந்த வருஷத்திலிருந்து தொடங்குவது என்று தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் படியிறங்கினாள். முன்னால் இரண்டு பெரியவர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். நடுங்கும் கை ஒன்று, ஆடாத தோள் ஒன்றைப் பிடித்திருந்தது. ஆனால் குரல் தெருவுக்கே கேட்டது.

“என் நெஞ்சுதான்டா முதல்ல கயித்துல பட்டது.”

“கால் ரெண்டும் கட்டியிருந்துச்சு அண்ணே, உங்க நெஞ்சு மட்டும் எப்படி முன்னாடி போகும்?”

“நான் உயரம்டா!”

“அம்மா, இன்ஸ்பெக்டர்!” என்று கீழ்வீட்டுப் பெரியவர் திரும்பிக் கூப்பிட்டார். “இதையும் கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லேன்!”

“நான் லீவுல இருக்கேன் தாத்தா,” என்று சொல்லிவிட்டு, அவர்களைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தாள் இன்ஸ்பெக்டர்.